போசன்டோர்ஃபர் அரங்கம்: குதிரைக் கூடத்தில் பிறந்து 1913-ல் இடிக்கப்பட்ட வியன்னாவின் சிறு இசை அரங்கம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வியன்னா இசை அரங்கம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முசிக்ஃபெராய்ன் பெரிய அரங்கம்தான். வருஷா வருஷம் புத்தாண்டுக் கச்சேரியை டிவியில் காட்டுவார்களே, தங்க நிறத்தில் மின்னிக்கொண்டு, அது. இங்கே நான் எழுதுவது வேறொன்றைப் பற்றி. பொன் பூச்சோ சிலைகளோ இல்லாத, ஏறக்குறைய ஐந்நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு கூடம், நாற்பது வருஷம் இருந்துவிட்டு இடிந்துபோனது. மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கும் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரே இடத்தில் பதிலோடு சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். எனக்கு இந்த அரங்கத்தின் மேல் பிரியம் அதிகம், அதுதான் காரணம்.

அது எந்த அரங்கம், எங்கே இருந்தது?

ஜெர்மன் மொழியில் போசன்டோர்ஃபர் சால். 'சால்' என்றால் கூடம். வியன்னாவின் பழைய நகரப் பகுதியில், பேரரசரின் ஹோஃப்பூர்க் அரண்மனையிலிருந்து சில நிமிட நடையில், ஹெர்ரன்காசே என்ற தெருவில் இருந்தது. அந்தத் தெருவின் பெயருக்கே பிரபுக்கள் தெரு என்றுதான் அர்த்தம், இரண்டு பக்கமும் பெரிய பெரிய குடும்பங்களின் மாளிகைகள். அதில் ஒன்று லிக்டன்ஸ்டைன் இளவரசர்களின் மாளிகை. அந்த மாளிகை வளாகத்துக்குள்தான் இந்த அரங்கம் இருந்தது. 1872 நவம்பர் 19-ல் திறந்தார்கள். 1913 மே 2-ல் கடைசிக் கச்சேரி.

சேம்பர் இசை என்றால் என்ன? அதற்கு ஏன் தனி அரங்கம்?

ஆர்கெஸ்ட்ரா என்றால் எண்பது, நூறு பேர் மேடையில் இருப்பார்கள், நடத்துநர் ஒருவர் முன்னால் நின்று கையசைப்பார். சேம்பர் இசையில் இரண்டு பேரிலிருந்து எட்டு, ஒன்பது பேர் வரைக்கும்தான், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஆள், நடத்துநர் கிடையாது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் அது ஸ்டிரிங் குவார்டெட், நால்வர் குழு. சேம்பர் என்றால் அறை. பேரிலேயே விஷயம் இருக்கிறது, முதலில் இது வீட்டு அறையில் வாசிக்க எழுதப்பட்ட இசை.

இந்த நான்கு வாத்தியமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கும். செல்லோ ஒரு வரியை மெதுவாக முடிக்கும்போதே வியோலா அதை வாங்கிக்கொண்டு போகும். இரண்டாயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்து கேட்டால் அந்தக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் கரைந்து ஒரே மங்கலான சத்தமாகத்தான் வந்து சேரும். வில் நரம்பைத் தொடும் அந்த முதல் உரசல் வரைக்கும் காதுக்கு வர வேண்டுமென்றால் ஐந்நூறு, அறுநூறு பேருக்கு மேல் போகாத இடம் வேண்டும். லண்டனின் விக்மோர் அரங்கம் இன்றைக்கும் 550 இருக்கை அளவில்தான் இருக்கிறது, அதைப் பெரிதாக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

உண்மையிலேயே குதிரை ஓட்டக் கற்கும் இடமா அது?

ஆமாம். லிக்டன்ஸ்டைன் மாளிகையை 1790-களின் தொடக்கத்தில் யோசஃப் ஹார்ட்முட் என்ற கட்டடக் கலைஞர் கட்டினார். (பென்சிலுக்காகக் கிராஃபைட்டைக் களிமண்ணோடு கலந்து சுடும் முறையில் பேர் வாங்கி, கோ-இ-நூர் பென்சில் கம்பெனிக்கு மூலமாக இருந்த அதே ஹார்ட்முட்தான்.) மாளிகையோடு ஒரு பெரிய நூலகமும், குதிரைப் பயிற்சிக்கு ஒரு மூடிய கூடமும் இருந்தன. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு குளிர்காலத்தில் பனிக்கு நடுவே வெளியே குதிரை ஓட்ட முடியாது, அதனால் இப்படி நடுவில் தூண் இல்லாத நீண்ட கூடங்களைக் கட்டி வைத்திருப்பார்கள்.

லுட்விக் போசன்டோர்ஃபர் அந்தக் கூடத்தை இளவரசர் குடும்பத்திடமிருந்து வாடகைக்கு எடுத்து இசை அரங்கமாக மாற்றினார். வாடகைக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாமே அதில்தான் போய் முடிகிறது. அவர் பியானோ செய்கிறவர், அதோடு குதிரைப் பிரியர். குதிரை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போவதில் அவருக்கு அலாதி ஆசை என்று வியன்னாவுக்கே தெரியும். ஒரு குதிரைக் கூடம் அவர் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பியானோ கம்பெனிக்கு அரங்கம் எதற்கு?

வியாபாரம்தான், அதில் தப்பும் இல்லை. லுட்விக்கின் அப்பா இக்னாஸ் 1828-ல் கம்பெனியைத் தொடங்கினார். பியானோ மேதை லிஸ்ட் இளைஞராக மேடையில் வாசித்தால் பியானோக்கள் தாங்காமல் உடைந்துபோகும், இக்னாஸ் செய்த பியானோ மட்டும் தாக்குப்பிடித்தது, அதிலிருந்துதான் பேர் வந்தது என்று அந்தக் கம்பெனி பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1859-ல் அப்பா இறந்ததும் லுட்விக் பொறுப்புக்கு வந்தார்.

19-ஆம் நூற்றாண்டில் பெரிய பியானோ கம்பெனிகள் எல்லாமே அரங்கம் வைத்திருந்தன. பாரிஸில் ப்ளேயெல், எரார். வியன்னாவிலேயே போட்டிக் கம்பெனியான எர்பார். பிறகு பெர்லினிலும் லண்டனிலும் பெக்ஸ்டைன். நல்ல கலைஞர் உன் அரங்கில் உன் பியானோவை வாசித்தால் மறுநாள் நாலு பேர் கடைக்கு வருவார்கள், கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கினால்தான் புது ஆட்களுக்கும் அறிமுகக் கச்சேரி நடத்த ஒரு இடம் கிடைத்தது. நாற்பது வருஷத்தில் 4,500-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்ததாகக் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. வருஷத்துக்கு நூறுக்கு மேல் வருகிறது. கோடை மாதங்களைக் கழித்துவிட்டால் சீசனில் இரண்டு நாளைக்கு ஒரு கச்சேரி என்ற மாதிரி.

திறப்பு விழாவில் யார் வாசித்தது?

ஹான்ஸ் ஃபோன் ப்யூலோ. அவர் காலத்தின் மிகப் பெரிய பியானோ கலைஞர்களில் ஒருவர், லிஸ்ட்டின் மாணவர், நடத்துநராகவும் புகழ்பெற்றவர். இருபது வருஷம் கழித்து 1892-ல் பெர்லினில் பெக்ஸ்டைன் அரங்கத்தையும் வாசித்துத் திறந்து வைத்தது இவர்தான்.

ஒலி அவ்வளவு நன்றாக இருந்ததாமே, எப்படி? யாராவது கணக்குப் போட்டுக் கட்டினார்களா?

யாரும் போடவில்லை. அரங்க ஒலியியல் என்ற படிப்பே அப்போது இல்லை. வாலஸ் சபின் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு அறையில் சத்தம் எவ்வளவு நேரம் நின்று அடங்கும் என்பதற்குச் சூத்திரம் கண்டுபிடித்தது 1890-களின் கடைசியில், அதற்குள் இந்த அரங்கம் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

குதிரை ஓட்டும் கூடத்தின் வடிவம் தற்செயலாக இசைக்குப் பொருந்தியது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். நீண்ட செவ்வகம், உயரமான கூரை, நேரான பக்கச் சுவர்கள், நடுவில் தூண்கள் இல்லை. செருப்புப் பெட்டி வடிவம் என்று ஒலியியல்காரர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட அறையில் மேடைச் சத்தம் நேராகக் காதுக்கு வந்த மறுகணமே பக்கச் சுவர்களில் பட்டும் வந்து சேரும். அந்த இரண்டும் சேரும்போது இசை நம்மைச் சுற்றி இருக்கிற மாதிரி உணர்வோம், அதே சமயம் ஒவ்வொரு சுரமும் தெளிவாக இருக்கும். சுவர்கள் தூரமாகப் போனால் இது கெடும். முசிக்ஃபெராய்ன் பெரிய அரங்கமும் இதே செவ்வகம்தான், அளவு மட்டும் பெரிது. போசன்டோர்ஃபர் அரங்கத்துக்கு உள்ளே மரப்பலகை வேலைப்பாடும் இருந்தது, அதனால் பழைய வயலின் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல என்று அங்கே போனவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

யார் யாரெல்லாம் அங்கே வாசித்தார்கள்? சோப்பானும் வாசித்தாராமே?

அன்டோன் ரூபின்ஸ்டைன், பிராம்ஸ், புசோனி, இளம் பார்டோக் என்று பட்டியல் நீளம். இசையமைப்பாளர் ஹூகோ வோல்ஃபின் பாடல்கள் 1888-ல் பொதுமக்கள் முன் வந்தபோது அதற்கு இடம் கொடுத்த மேடைகளில் இது முக்கியமானது. வியன்னாவில் அவருக்கு அப்போது நண்பர்களை விட எதிரிகள்தான் அதிகம்.

சோப்பான் இல்லை. இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்றால், எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் தன் நினைவுக் குறிப்புகளில் இந்த அரங்கத்தைப் பற்றி எழுதும்போது அங்கே வாசித்தவர்களின் வரிசையில் சோப்பான் பெயரையும் சேர்த்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். சோப்பான் இறந்தது 1849-ல், அரங்கம் திறந்தது 1872-ல். அவர் வியன்னாவில் 1829-ல் வாசித்தது கெர்ன்ட்னர்டோர் நாடக அரங்கில். பியானோ கம்பெனி அரங்கில் அவர் வாசித்ததும் உண்மைதான், ஆனால் அது பாரிஸின் ப்ளேயெல் அரங்கம். ஸ்வைக் மேல் எனக்குக் குறை இல்லை. நாட்டை விட்டு ஓடி, தன் புத்தகங்களோ குறிப்புகளோ கையில் இல்லாமல், நினைவை மட்டும் வைத்து அதை எழுதி முடித்து, 1942 பிப்ரவரியில் பிரேசிலில் உயிரை மாய்த்துக்கொண்ட மனிதர். ஒரு பெயர் தவறுவது பெரிய விஷயமில்லை. நாம் திருத்திக்கொண்டால் போதும்.

ரோசே குழு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது யார்?

ஆர்னோல்ட் ரோசே. 1863-ல் இன்றைய ருமேனியாவின் யாஷ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினெட்டு வயது நிரம்பும் நேரத்தில், 1881-ல், வியன்னா அரசவை ஓபரா ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின் ஆனார்; 1938 வரை, ஐம்பத்தேழு வருஷம், அந்த நாற்காலியில் இருந்தார். 1882-ல் தன் பெயரில் நால்வர் குழுவைத் தொடங்கினார். இசையமைப்பாளர் குஸ்டாஃப் மாலரின் தங்கை யுஸ்டீனைக் கல்யாணம் செய்துகொண்டவர். பிராம்ஸின் இரண்டாவது ஸ்டிரிங் க்வின்டெட் (ஐவர் வாசிப்பது) 1890 நவம்பரில் முதன்முதலாக ஒலித்தது இவர் குழு வாசித்துத்தான்.

குழுவில் மற்றவர்கள் காலப்போக்கில் மாறினார்கள், ரோசே மாறவில்லை. போசன்டோர்ஃபர் அரங்கத்துக்குப் போய் ரோசே குழுவைக் கேட்பது என்பது அன்றைய வியன்னா ரசிகர்களுக்கு வாழ்க்கையின் ஒரு பகுதி.

ஷோன்பெர்க் கச்சேரியில் ரகளை நடந்தது இங்கேதானா?

இங்கேதான், அதுவும் இரண்டு தடவை. புது மாதிரி இசை எழுதிய ஆர்னோல்ட் ஷோன்பெர்க்கின் முதல் ஸ்டிரிங் குவார்டெட்டை ரோசே குழு 1907 பிப்ரவரி 5-ல் இங்கே முதன்முறையாக வாசித்தது. முக்கால் மணி நேரம் இடைவெளியே இல்லாமல் ஒரே மூச்சாக ஓடும் இசை அது. பாதியிலேயே சீழ்க்கையும் எழுந்து போகும் சத்தமும் ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு மாலர் கூட்டத்தில் இருந்தார், சீழ்க்கை அடித்த ஒருவரிடம் போய்ச் சண்டை பிடித்தார், அந்த ஆள் "உங்கள் சிம்பொனிக்கும் நான் இப்படித்தான் செய்வேன்" என்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு.

அடுத்தது 1908 டிசம்பர் 21. இரண்டாவது குவார்டெட். இதில் கடைசி இரண்டு பகுதிகளில் ஒரு பெண் குரலும் சேரும், அன்றைக்குப் பாடியவர் ஓபராப் பாடகி மரீ குட்ஹைல்-ஷோடர். கடைசிப் பகுதியில் ஷோன்பெர்க் அதுவரை இசைக்கு அடித்தளமாக இருந்த ஸ்வர மையத்தையே விட்டுவிட்டுப் போகிறார். கூட்டம் சிரித்தது, கத்தியது, பாடகி அழாத குறையாகப் பாடி முடித்தார். இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த அரங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பழைய பொற்காலத்தின் நினைவிடம் என்கிற மாதிரி மட்டுமே எழுதுகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டு இசை உலகத்தைப் பிளந்த வாசல் ஒன்று திறந்ததும் அந்தப் பழைய மரப்பலகைக் கூடத்துக்குள்தான், அதைத் திறந்தது சிறு வயதிலிருந்து பேட்டோவனும் ஹைடனும் வாசித்து வந்த ரோசேதான்.

பிறகு ஏன் மூடினார்கள்? கூட்டம் வரவில்லையா?

கூட்டம் கடைசி நாள் வரைக்கும் வந்தது. நஷ்டத்தால் மூடிய அரங்கம் இல்லை இது. நிலத்தின் விலை, அவ்வளவுதான்.

1910 வாக்கில் வியன்னாவின் மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகர மையத்தில், அரண்மனைக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று மாடி மட்டுமே உள்ள ஒரு பழைய மாளிகை வளாகம் பரந்து கிடந்தால் அதைப் பார்க்கிறவர்களுக்கு அங்கே அடுக்கடுக்காக வாடகைக் கட்டடங்கள்தான் தெரியும். லிக்டன்ஸ்டைன் குடும்பத்துக்கு வியன்னாவிலேயே வேறு பெரிய மாளிகைகள் இருந்தன, ஹெர்ரன்காசே வீடு இல்லாமல் அவர்களால் இருக்க முடியும். இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்று முடிவானது. மாளிகை போனால் அதன் குதிரைக் கூடமும் போக வேண்டியதுதான்.

போசன்டோர்ஃபர் அந்த இடத்தை வாங்கிக் காப்பாற்றியிருக்கலாமே?

அவருக்கு அப்போது வயது 78. பிள்ளைகள் இல்லாததால் 1909-லேயே கம்பெனியைத் தன் நண்பர் கார்ல் ஹுட்டர்ஸ்ட்ராசருக்கு விற்றுவிட்டார். அதோடு, அரங்கம் தனியாக நின்ற கட்டடம் கிடையாது, மாளிகை வளாகத்தின் ஒரு பகுதி; அதை மட்டும் வெட்டி எடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

எனக்கு இதில் வருத்தம் எங்கே என்றால், நாற்பது வருஷம் அந்த நகரத்தின் இசையே ஒரு வாடகைக் கூடத்தை நம்பி இருந்திருக்கிறது, நகராட்சியோ அரசவையோ அதை ஒரு பொதுச் சொத்தாக நினைக்கவே இல்லை. முகப்பில் சிற்பங்களோடு ஒரு கட்டடம் இருந்திருந்தால் யாராவது குரல் கொடுத்திருப்பார்கள். இதன் மதிப்பு முழுக்க உள்ளே கேட்கும் ஒலியில் இருந்தது; அந்த நாளில் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசினாலே அது கண்ணுக்குத் தெரியும் அழகைப் பற்றித்தான் இருக்கும்.

கடைசி இரவு என்ன நடந்தது?

1913 மே 2, வெள்ளிக்கிழமை. ரோசே குழுவின் கச்சேரி. அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களில் முப்பத்தொரு வயது ஸ்வைக்கும் ஒருவர், அவர் எழுதி வைத்ததால்தான் அந்த இரவு இன்றும் நமக்குத் தெரிகிறது.

கடைசியாக வாசித்த பேட்டோவன் இசை முடிந்தது. கைதட்டினார்கள், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள், சில பெண்கள் அழுதார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாகக் கச்சேரி முடிந்ததும் மேல்கோட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடுகிற கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கிளம்பட்டும் என்று விளக்கை அணைத்தார்கள். அப்போதும் நானூறு ஐந்நூறு பேர் இருட்டில் அசையாமல் இருந்தார்கள், அரை மணி, ஒரு மணி நேரம், தாங்கள் அங்கே இருந்தால் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள் என்கிற மாதிரி.

இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இருட்டுதான் மனதில் நிற்கிறது. இசை நின்றபின் ஒரு நல்ல அரங்கத்தில் நிலவும் அமைதிக்கே ஒரு குணம் உண்டு, இருமல் சத்தம், நாற்காலி கிறீச்சிடுவது எல்லாமே அழகாகக் கேட்கும். அவர்கள் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான், மார்ச் 31-ல், முசிக்ஃபெராய்னில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரியில் கைகலப்பாகிப் போலீஸ் வந்து கச்சேரியையே பாதியில் நிறுத்தினார்கள். ஒரே ஊர், ஒரே வசந்தம்.

இடித்துவிட்டு அங்கே உடனே என்ன கட்டினார்கள்?

உடனே எதுவும் இல்லை. இதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறவே ஆறாத பகுதி. 1913-ல் இடித்தார்கள், 1914 கோடையில் முதல் உலகப் போர் வந்தது. 1918-ல் பேரரசே இல்லாமல் போனது. அப்புறம் பணவீக்கம், பணத்துக்கு மதிப்பே இல்லாத வருஷங்கள். நகர மையத்தின் அந்த விலை உயர்ந்த நிலம் பதினெட்டு வருஷத்துக்கு மேல் வெறும் மனையாகக் கிடந்தது. அத்தனை வருஷமும் அரங்கம் நின்றிருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

1931, 32-ல்தான் அங்கே ஹோக்ஹவுஸ் ஹெர்ரன்காசே எழுந்தது. தைஸ், யாக்ஷ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த பதினாறு மாடிக் குடியிருப்பு, வியன்னாவின் முதல் உயர்மாடிக் கட்டடம். மேல் மாடிகளைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பதால் தெருவில் நடப்பவருக்கு அதன் முழு உயரம் தெரியாது. நல்ல கட்டடம்தான், இன்று அதையே பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாளிகையில் இருந்த எதுவுமே மிஞ்சவில்லையா?

நூலகம் மிஞ்சியது. ஹார்ட்முட் கட்டிய அந்த நூலக அறையின் உள்வேலைப்பாட்டை, அலமாரிகளோடும் புத்தகங்களோடும், 1912 முதல் 1914-க்குள் ரோசாவ் பகுதியில் உள்ள லிக்டன்ஸ்டைன் தோட்ட மாளிகைக்கு மாற்றினார்கள். இன்றும் அங்கே இருக்கிறது, ஒரு லட்சம் புத்தகங்கள் அளவில். அதே வளாகத்தில் அலமாரிகளைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, வேறிடத்தில் பொருத்த முடிந்திருக்கிறது. குதிரைக் கூடத்தின் ஒலி அந்த நீள அகல உயரத்திலும் அந்தச் சுவர்களிலும் இருந்ததால் அதை எதில் ஏற்றிக்கொண்டு போவது?

புதுசாக கோன்ட்செர்ட்ஹவுஸ் கட்டினார்களே, அது ஈடு செய்யவில்லையா?

அதே 1913-ல், அக்டோபர் 19 அன்று, பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் முன்னிலையில் கோன்ட்செர்ட்ஹவுஸ் திறந்தது. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இதற்கென்றே எழுதிய ஒரு முன்னிசையும் பேட்டோவனின் ஒன்பதாவது சிம்பொனியும் வாசித்தார்கள். அதற்குள் ஒரு பெரிய அரங்கம், எழுநூறு பேருக்கு மொசார்ட் அரங்கம், அதை விடச் சின்னதாக ஷூபர்ட் அரங்கம், மூன்றிலும் ஒரே நேரத்தில் கச்சேரி நடத்தலாம். இன்றைக்கும் சேம்பர் இசைக்கு மொசார்ட் அரங்கம் உலகத்தின் நல்ல இடங்களில் ஒன்று. முசிக்ஃபெராய்னிலும் 1870-லிருந்தே சிறிய அரங்கம் ஒன்று உண்டு, கிளாரா ஷூமன் வாசித்துத் திறந்தது, இப்போது அதற்கு பிராம்ஸ் அரங்கம் என்று பெயர், அறுநூறு இருக்கை.

அதனால் வியன்னாவில் சேம்பர் இசைக்கு இடமில்லாமல் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கச்சேரிகள் இடம் மாறின, ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். ஆனால் ரோசே முப்பது வருஷம் எந்தச் சுவரோடு சேர்ந்து வாசித்துப் பழகினாரோ அந்தச் சுவர் போனது போனதுதான். வாசிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தங்கள் கைக்குப் பழகிய அரங்கத்தைத் தங்கள் வாத்தியத்தின் பாதி என்பார்கள்.

மற்ற பியானோ கம்பெனி அரங்கங்கள் என்னவாயின?

ஒவ்வொன்றும் ஒரு விதம். பெர்லின் பெக்ஸ்டைன் அரங்கம் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் போனது. லண்டன் பெக்ஸ்டைன் அரங்கம் 1901-ல் திறந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் சொத்து என்று பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து 1916-ல் ஏலத்தில் 56,500 பவுண்டுக்கு ஒரு துணிக்கடைக் கம்பெனிக்கு விற்றது. கடைக்காரர்கள் அதை இடிக்கவில்லை. 1917-ல் பெயரை மட்டும் விக்மோர் என்று மாற்றித் திறந்தார்கள், இன்று வரை ஓடுகிறது. வியன்னாவின் எர்பார் அரங்கமும் நான்காவது வட்டாரத்தில் இன்றும் நிற்கிறது. எதிரி நாட்டுச் சொத்தாகப் போய், போரில் கைமாறிய அரங்கம் பிழைத்துக்கொண்டது. சொந்த ஊரில், சமாதான காலத்தில், முழுக் கூட்டத்தோடு ஓடிய அரங்கம் போய்விட்டது.

போசன்டோர்ஃபர் அரங்கம் என்று இப்போதும் வியன்னாவில் பார்த்ததாகச் சொல்கிறார்களே?

அது பெயர் மட்டும். மொசார்ட் வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கே அந்தப் பெயரில் ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. கம்பெனியும் இருக்கிறது, 2008-ல் யமஹா வாங்கியது. பழைய அரங்கத்தோடு இதற்கெல்லாம் பெயரைத் தவிரத் தொடர்பு இல்லை.

பிறகு ரோசேவுக்கு என்ன ஆனது?

1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்டதும் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஐம்பத்தேழு வருஷ நாற்காலியிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த வருஷமே மனைவி இறந்தார். ரோசே லண்டனுக்குப் போனார். குழுவைத் தொடங்கும்போது செல்லோ வாசித்த அவர் அண்ணன் எடுவார்ட் நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமில் 1943-ல் இறந்தார். மகள் ஆல்மா, வயலின் கலைஞர், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பெண் கைதிகளின் ஆர்கெஸ்ட்ராவை நடத்தி, பல பெண்களின் உயிர் பிழைக்கக் காரணமாக இருந்து, 1944-ல் அங்கேயே இறந்தார். ரோசே 1946-ல் லண்டனில் காலமானார். அந்தக் கடைசி இரவில் இருட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யூதக் குடும்பங்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், வியன்னாவின் சேம்பர் இசை ரசிகர்களில் அவர்கள் பங்கு அவ்வளவு பெரியது. அதை நினைக்காமல் என்னால் அந்த இரவைப் படிக்க முடிவதில்லை.

அந்த அரங்கத்தின் ஒலியைக் கேட்க ஏதாவது பதிவு உண்டா?

1913-ல் ஒலிப்பதிவு என்றால் ஒரு பெரிய உலோகக் கொம்பின் வாய்க்கு முன்னால் நெருங்கி நின்று வாசிக்க வேண்டும். ஒரு கூடத்தின் எதிரொலியைப் பிடிக்கும் கருவி கிடையாது. மைக் வைத்துப் பதிவது 1925-க்குப் பிறகுதான்.

ஆனால் ரோசே குழுவைக் கேட்கலாம். 1920-களின் கடைசியில் அவர்கள் பதிவு செய்த பேட்டோவன் குவார்டெட்கள் மூன்று, ஓபஸ் (படைப்பு எண்) 18-ல் நான்காவது, ஓபஸ் 74, ஓபஸ் 131, இணையத்தில் கிடைக்கின்றன. ஓபஸ் 131-ல் இருந்து ஆரம்பியுங்கள். இரைச்சல் இருக்கும், ஐந்து நிமிஷத்தில் காது பழகிவிடும். முதல் வயலின் அதிர்வே அதிகம் கொடுக்காமல் ஒவ்வொரு சுரத்தையும் நேராக நீட்டுவார், இன்றைய வாசிப்புக்குப் பழகியவர்களுக்கு முதலில் வறட்சியாகக்கூடப் படலாம். நல்ல அரங்கத்தில் வாசித்துப் பழகியவரின் கை அது. சுரத்தை நேராக வைத்தால் போதும், மிச்சத்தைச் சுவர் பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி.